மணி அடித்த பிறகு வரும் கேள்வி

இலக்கியக் கூட்டத்தில் குத்துச்சண்டையைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும் அமைப்பாளர் சற்றுத் தயங்கினார். சண்டையைப் பற்றி இல்லை, சண்டை முடிந்த இரண்டாவது நிமிடத்தில் அவர்கள் பேசுவதைப் பற்றி என்றேன். பேச்சு என்றால் சரி, அது நம் துறைதான் என்று விட்டுவிட்டார். நேரலையில் இருப்பவர்களில் பலருக்கு இந்த விளையாட்டைப் பார்க்கவே பிடிக்காது என்று எனக்குத் தெரியும். அவர்களும் கொஞ்ச நேரம் இருங்கள். இன்று நான் எடுத்துக்கொண்டிருப்பது மனிதர்கள் பேசிய சில வாக்கியங்களைத்தான்.

காட்சி உங்களுக்குத் தெரிந்ததே. மணி அடித்துவிட்டது, அல்லது நடுவர் இரண்டு கைகளையும் ஆட்டி நிறுத்திவிட்டார். மேடையில் இருபது முப்பது பேர் ஏறிவிடுகிறார்கள். பல்காப்பை எடுத்துவிட்டு வாயில் தண்ணீர் ஊற்றுகிறார்கள். விளம்பரதாரரின் தொப்பி ஒன்று எங்கிருந்தோ வந்து தலையில் உட்கார்ந்துகொள்கிறது. கோட் போட்ட ஒருவர் மைக்கோடு வருகிறார். ஒரு கண் மூடியிருக்கிறது, மூச்சு இன்னும் இறங்கவில்லை, சற்றுமுன் வரை தலையில் அடி வாங்கிய மனிதரிடம் அவர் கேட்கிறார்: "எப்படி உணர்கிறீர்கள்?"

வேறெந்தத் தொழிலிலும் இப்படிக் கிடையாது. அறுவை சிகிச்சை முடிந்து கண் திறக்கிறவரிடம் யாரும் மைக்கை நீட்டுவதில்லை. நம் பழைய இலக்கியத்தில் போருக்குப் பிறகு பேசுகிறவர் புலவர்தான். அதிலும் வெண்ணிக் குயத்தியாரை நினைத்துப் பாருங்கள். வெண்ணிப் பறந்தலையில் வென்று நிற்கிற கரிகாலனிடமே போய், நீ வென்றாய், ஆனால் முதுகில் புண்பட்டதற்கு நாணி வடக்கிருந்தானே சேரன், அவன் உன்னைவிட நல்லவன் இல்லையா என்ற பொருளில் பாடுகிறார். வென்றவனின் முகத்துக்கு நேராகக் கேட்ட கேள்வி அது. கரிகாலன் என்ன பதில் சொன்னான் என்பதைப் புறநானூறு சொல்லவில்லை. தொலைக்காட்சி அந்தப் பதிலையும் கேட்டு வாங்கியது.

ஏன் வாங்கியது? பெரிய தத்துவம் எதுவும் இல்லை. நேரத்தை நிரப்பத்தான். வானொலிக் காலத்திலேயே மேடையில் மைக்கை நீட்டும் பழக்கம் உண்டு. அமெரிக்கத் தொலைக்காட்சி வந்ததும், சவர பிளேடு விற்ற ஜில்லெட் நிறுவனம் வெள்ளிக்கிழமை இரவுகளைக் குத்துச்சண்டைக்கு வாங்கிப் போட்டது. சண்டைக்கு ஒரு வியாபாரச் சிக்கல் உண்டு. அது எப்போது முடியும் என்று யாருக்கும் தெரியாது. பதினைந்து ரவுண்டு ஓடலாம், முதல் ரவுண்டிலேயே ஒருவர் விழுந்துவிடலாம். மிச்ச நேரத்தை என்ன செய்வது? ஏபிசி தொலைக்காட்சி சண்டைக்குப் பின்னால் ஒரு பந்துருட்டும் நிகழ்ச்சியைக் கட்டிவைத்திருந்தது. சண்டை விட்டுவைத்த நேரத்துக்குத் தகுந்தபடி நீளும், சுருங்கும். மேடைப் பேட்டியும் அதே வேலையைச் செய்த ஒன்றுதான். அதிலிருந்து என்னென்ன வெளிவரும் என்று பிளேடு விற்றவர்கள் நினைத்திருக்க மாட்டார்கள்.

1962 மார்ச் 24. நியூயார்க், மேடிசன் ஸ்குவேர் கார்டன். எமில் கிரிஃபித்தும் பென்னி பாரெட்டும் மூன்றாவது முறையாக மோதுகிறார்கள். முதல் சண்டையில் கிரிஃபித் வென்றிருந்தார், இரண்டாவதில் பாரெட். கிரிஃபித் கரீபியத் தீவிலிருந்து வந்தவர், தொப்பித் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர், பெண்களுக்கான தொப்பிகளை வடிவமைத்தவர். பாரெட் கியூபாவில் கரும்பு வெட்டியவர். ஒருவருக்கு 24 வயது, மற்றவருக்கு 25. அன்று காலை எடை பார்க்கும்போது பாரெட் ஒரு ஸ்பானியச் சொல்லால் கிரிஃபித்தைச் சீண்டினார். ஆண்களை நாடும் ஆணை இழிவுபடுத்தும் சொல் அது. அங்கேயே பாய்ந்திருப்பார் கிரிஃபித். பயிற்சியாளர் கில் கிளான்சி அடக்கிவைத்தார்.

பன்னிரண்டாம் ரவுண்டில் பாரெட் மூலையில் கயிற்றுக்கிடையே சிக்கிக்கொண்டார். விழவும் வழியில்லை. கிரிஃபித் அடித்துக்கொண்டே இருந்தார். எத்தனை அடி என்று ஆளுக்கொரு கணக்குச் சொல்வார்கள். நடுவர் ரூபி கோல்ட்ஸ்டீன் இழுத்து விலக்கியபோது பாரெட் கயிற்றிலிருந்து மெதுவாகச் சரிந்தார். அவர் நினைவு திரும்பவே இல்லை. பத்து நாள் கழித்து, ஏப்ரல் 3 அன்று இறந்தார்.

இத்தனையும் நேரலையில் நடந்தது. பாரெட் கீழே கிடக்கும்போதே பேட்டியும் நடந்தது. வர்ணனையாளர் டான் டன்ஃபி மைக்கை நீட்டுகிறார். மீண்டும் சாம்பியன் ஆனதில் பெருமைப்படுகிறேன், பாரெட் நன்றாக இருப்பார் என்று நம்புகிறேன் என்று கிரிஃபித் சொல்கிறார். அந்தக் கடைசி அடிகளை வேகம் குறைத்துத் திரும்பவும் காட்டினார்கள். அப்போது அது புதிய தொழில்நுட்பம். டன்ஃபி கொடியவர் அல்லர், அன்றைய வழக்கப்படி தன் வேலையைச் செய்தார். கிரிஃபித்தும் வழக்கமான பதிலைத்தான் சொன்னார். அந்த மரியாதையான வாக்கியம்தான் எனக்குக் கேட்க முடியாததாக இருக்கிறது.

ஏனென்றால் அவரால் சொல்லக்கூடியது அவ்வளவுதான். ஏன் அவ்வளவு கோபம் என்று டன்ஃபி கேட்டிருந்தாலும் கிரிஃபித்தால் பதில் சொல்லியிருக்க முடியாது. அந்தச் சொல்லின் பொருளை நேராக அச்சிடப் பத்திரிகைகளே கூசிய காலம். அந்த மேடையில் அப்படி ஒரு உண்மையைச் சொல்லியிருந்தால் அவர் பிழைப்பு அன்றே முடிந்திருக்கும். நாற்பதுக்கும் மேற்பட்ட ஆண்டுகள் கழித்துத்தான் அவர் பேசினார். ஒரு மனிதனைக் கொன்றேன், உலகம் மன்னித்தது; ஒரு மனிதனை நேசித்தால் மட்டும் மன்னிக்க மறுக்கிறது என்ற பொருளில். 2005இல் வந்த 'ரிங் ஆஃப் ஃபயர்' என்ற ஆவணப்படத்தில் பாரெட்டின் மகன் அவரைச் சந்திக்கிறார், மனதில் எதுவும் வைத்துக்கொள்ளவில்லை என்று சொல்லிக் கட்டிக்கொள்கிறார். தந்தை இறந்தபோது அந்தப் பிள்ளைக்கு இரண்டு வயதுதான். மேடையில் இரண்டு வாக்கியத்தில் முடிந்த பேட்டி நிறைவடைய அத்தனை காலம் ஆயிற்று.

அந்த இரவுக்கு இரண்டு ஆண்டுக்குள், 1964 பிப்ரவரி 25 அன்று, மயாமி பீச்சில் கேள்வி கேட்பவரிடமிருந்தே பேட்டியைப் பறித்துக்கொண்டார் ஒருவர். கேஷியஸ் கிளே, வயது 22. ஏழாவது ரவுண்டுக்கு சானி லிஸ்டன் முக்காலியிலிருந்து எழவில்லை. தோள் போய்விட்டது என்றார்கள். கிளே தோற்பார் என்று எழுதிய நிருபர்கள் கீழே வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அவர்களைப் பார்த்து, எழுதியதை விழுங்குங்கள் என்று கத்தினார். உலகத்தையே உலுக்கிவிட்டேன் என்றார். மைக் வைத்திருந்தவர்களுக்குக் கேள்வி கேட்க இடமே கிடைக்கவில்லை. இதைப் பலரும் வேடிக்கையாக நினைவுகூர்வார்கள். எனக்கு அது வேறு மாதிரிப் படுகிறது. அதுவரை கறுப்பின வீரர்கள் மேடைப் பேட்டியில் நன்றி, கடவுள், அம்மா என்று மூன்று சொல்லுக்குள் நின்றுகொள்ள வேண்டும் என்பது எழுதப்படாத விதி. ஜோ லூயிஸ் அந்த விதிக்குள் வாழ்ந்து காட்டியவர். அன்று அதே மேடையில் வர்ணனைக் குழுவினரோடு அவரும் நின்றிருந்தார். இளையவர் அவர் கண்ணெதிரிலேயே விதியை முறித்தார். பத்து நாளில் பெயரும் முகமது அலி ஆயிற்று.

மொழியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இங்கே இருக்கிற நம்மில் பலர் பெற்றோருக்காக மருத்துவமனையில் மொழிபெயர்த்தவர்கள். டாக்டர் ஐந்து நிமிடம் சொன்னதை அம்மாவிடம் இரண்டு வாக்கியமாகச் சொல்லியிருப்போம். அம்மா பத்து நிமிடம் புலம்பியதை டாக்டரிடம் "வயிறு வலிக்கிறதாம்" என்று முடித்திருப்போம். அமெரிக்கக் குத்துச்சண்டை ஒளிபரப்பில் மெக்சிகோ, பனாமா, போர்ட்டோரிக்கோ வீரர்கள் பேசும்போது நடப்பது அதுதான். வீரர் மூச்சு வாங்க, கையை ஆட்டி, நீளமாகப் பேசுவார். மொழிபெயர்ப்பாளர் "மிகவும் மகிழ்ச்சி, ரசிகர்களுக்கு நன்றி" என்பார். நடுவில் விழுந்தது எவ்வளவு என்று ஸ்பானியம் தெரிந்தவருக்குத்தான் தெரியும்.

அந்த மொழியின் இரண்டே சொற்கள் ஒருவரின் வாழ்நாள் முழுதும் கூடவே வந்தன. 1980 நவம்பர் 25, நியூ ஆர்லியன்ஸ். சுகர் ரே லெனர்டுடன் இரண்டாவது சண்டை. எட்டாவது ரவுண்டில் ரொபெர்ட்டோ டுரான் திடீரென்று கையை ஆட்டிவிட்டுத் திரும்பிக்கொண்டார். "நோ மாஸ்", இனி வேண்டாம் என்று சொன்னதாக உலகம் முழுக்கப் பரவியது. வயிற்றைப் பிடித்துக்கொண்டது என்று அன்று காரணம் சொன்னார்கள். அந்தச் சொற்களை நான் சொல்லவே இல்லை என்று டுரான் பின்னாளில் பலமுறை மறுத்தார். பயனில்லை. அவர் நூற்றுக்கு மேற்பட்ட சண்டைகளில் வென்றவர். பெயரைச் சொன்னால் முதலில் வருவது அந்த இரண்டு சொற்கள்தான்.

இனி லேரி மெர்ச்சன்ட். இன்றைய உரை முக்கியமாக இவரைப் பற்றித்தான். பத்திரிகைக்காரர். பிலடெல்பியாவிலும் நியூயார்க்கிலும் விளையாட்டுப் பத்தி எழுதியவர், 1978இல் எச்பிஓ தொலைக்காட்சிக்கு வந்தார். அவர் கேள்விகள் நீளமானவை, சுற்றிவளைப்பவை, சில சமயம் எரிச்சலூட்டுபவை. ஆனால் எழுத்தாளர் கேட்கிற கேள்விகள். அவருடைய இரண்டு பேட்டிகள் 1990இல், 34 நாள் இடைவெளியில் நடந்தன.

முதலாவது பிப்ரவரி 11, டோக்கியோ. மைக் டைசனைப் பத்தாவது ரவுண்டில் வீழ்த்தினார் ஜேம்ஸ் 'பஸ்டர்' டக்ளஸ். சூதாட்டக் கணக்கில் அவருக்கு 42க்கு 1 என்று விலை வைத்திருந்தார்கள். அந்த முடிவை அன்றே பறிக்கவும் முயற்சி நடந்தது. எட்டாவது ரவுண்டில் டக்ளஸ் விழுந்தபோது நடுவர் மெதுவாக எண்ணிவிட்டார் என்று டைசன் தரப்பு புகார் கொடுத்து, சில நாளில் கைவிட்டது. அதெல்லாம் தொடங்குவதற்கு முன்னால் மேடையில் மெர்ச்சன்ட் கேட்டது எளிய கேள்வி. யாரும் முடியாது என்று சொன்னதை உங்களால் எப்படிச் செய்ய முடிந்தது? டக்ளஸ் ஆசைப்பட்டேன், அதனால் என்பது போல ஏதோ சொன்னார். பிறகு அம்மா என்று ஆரம்பித்தார், மேலே போக முடியவில்லை. உலகையே அதிரவைத்த மனிதர் கேமராவுக்கு முன்னால் குழந்தையைப் போல உடைந்தார். அவர் தாய் லூலா பேர்ல் சண்டைக்கு 23 நாள் முன்னால்தான் இறந்திருந்தார். மெர்ச்சன்ட் தோண்டவில்லை. கொஞ்ச நேரம் மைக்கை அப்படியே வைத்திருந்தார், அவ்வளவுதான்.

இரண்டாவது மார்ச் 17, லாஸ் வேகாஸ். ஹூலியோ சீசர் சாவெஸும் மெல்ட்ரிக் டெய்லரும். இருவரும் அதுவரை தோற்றதில்லை. டெய்லர் 1984 ஒலிம்பிக் தங்கம், மின்னல் கைகள். பதினோரு ரவுண்டு முடிந்தபோது மூன்று தீர்ப்பாளர்களில் இருவரின் தாளில் டெய்லர் வெகுதூரம் முன்னால் இருந்தார். கடைசி ரவுண்டில் நின்றுகொண்டிருந்தாலே போதும். ஆனால் புள்ளிகள் ஒரு கதை சொன்னால் முகம் வேறு கதை சொன்னது. சாவெஸ் அடித்தது குறைவு, ஒவ்வொன்றும் எலும்பில் இறங்கியது. டெய்லர் தன் ரத்தத்தைத் தானே விழுங்கிக்கொண்டிருந்தார், முகத்தில் எலும்பு முறிந்திருந்தது. கடைசி ரவுண்டின் கடைசி நொடிகளில் விழுந்தார், எழுந்தார். நடுவர் ரிச்சர்ட் ஸ்டீல் இரண்டு முறை கேட்டார், சரியாக இருக்கிறாயா என்று. டெய்லரின் கண் தன் மூலைப் பக்கம் போனது, அங்கே பயிற்சியாளர் லூ டுவா மேடை விளிம்பில் ஏறிவிட்டிருந்தார். பதில் வரவில்லை. ஸ்டீல் நிறுத்தினார். கடிகாரத்தில் மிச்சம் இருந்தது இரண்டு நொடி.

அரங்கம் கொந்தளிக்கிறது. மெர்ச்சன்ட் நேராக நடுவரிடம் போகிறார். இரண்டு நொடிதானே இருந்தது, ஏன் நிறுத்தினீர்கள்? ஸ்டீல் சொன்ன பதிலை நான் தமிழில் சொல்கிறேன்: எனக்கு நேரத்தைப் பற்றிக் கவலை இல்லை. ஒரு மனிதன் வாங்கியது போதும் என்று தெரிந்தால் சண்டையை நிறுத்துவேன்.

தடுமாற்றம் இல்லை, மன்னிப்புக் கேட்கிற தொனியும் இல்லை. அந்த நேரத்தில் கோபமாக இருந்தவர்கள் அவர் சொன்னதைக் கேட்கவே இல்லை. பின்னர் பல ஆண்டுகள் லாஸ் வேகாஸ் அரங்குகளில் அவர் பெயரை அறிவித்தாலே கூச்சலிட்டார்கள். கோல்ட்ஸ்டீன் தாமதமாக நிறுத்தினார் என்று 1962இல் திட்டியதும் இதே விளையாட்டு உலகம்தான், ஸ்டீல் இரண்டு நொடி முந்திவிட்டார் என்று 1990இல் திட்டியதும் அதுதான்.

ஸ்டீல் செய்தது சரியா என்று இன்றும் வாதாடுகிறார்கள். விதிப்படி பார்த்தால் டெய்லர் பக்கம் நியாயம் இருக்கிறது என்று சொல்பவர்களோடு நான் சண்டைக்குப் போக மாட்டேன். எனக்கு முக்கியம், அந்தக் கேள்வி அப்போதே, அங்கேயே கேட்கப்பட்டது. மறுநாள் கேட்டிருந்தால் ஆணையத்தின் அறிக்கையும் வக்கீலின் வாசகமும்தான் வந்திருக்கும். 2003இல் அதே எச்பிஓ அந்தச் சண்டையைப் பற்றி ஓர் ஆவணப்படம் எடுத்தது. அதில் டெய்லர் பேசுகிறார். நாக்கு குழறுகிறது, சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வருகின்றன. மின்னல் போலிருந்தவர். அவர் அந்த இரவில் மட்டும் வாங்கியதில்லை அது, பிறகும் பல ஆண்டுகள் மேடையேறினார். ஆனாலும் அதைப் பார்த்தபின் இரண்டு நொடிக் கணக்கை நான் யாரிடமும் பேசுவதில்லை.

மெர்ச்சன்டை உங்களில் இளையவர்களுக்குத் தெரிந்திருந்தால் அது 2011 செப்டம்பர் 17இன் துண்டுக் காணொளியால்தான். விக்டர் ஓர்டிஸ் தலையால் முட்டினார், நடுவர் ஒரு புள்ளியைக் கழித்தார். மன்னிப்புக் கேட்கிறேன் என்று ஓர்டிஸ் கட்டிப்பிடித்தார், முத்தம் கொடுத்தார், கைகளைத் தாழ்த்திக்கொண்டு நின்றார். ஃப்ளாய்ட் மேவெதர் இடது, வலது என்று இரண்டு அடி. முடிந்தது. மெர்ச்சன்ட் அதைப் பற்றித்தான் கேட்டார். எப்போதும் உன்னைக் காத்துக்கொள் என்பதுதான் விதி என்றார் மேவெதர். மெர்ச்சன்ட் விடாமல் கேட்கவும், உனக்குக் குத்துச்சண்டையைப் பற்றி ஒன்றும் தெரியாது, எச்பிஓ உன்னை வேலையைவிட்டுத் தூக்க வேண்டும் என்று கெட்ட வார்த்தையோடு கத்தினார். மெர்ச்சன்டுக்கு அப்போது 80 வயது. எனக்கு ஐம்பது வயது குறைவாக இருந்தால் உன்னை உதைத்திருப்பேன் என்றார்.

எல்லோரும் சிரித்தோம், நானும்தான். ஆனால் அந்தச் சிரிப்பில் கேள்வி காணாமல் போய்விட்டது. கை தாழ்த்தி நிற்கிறவனை அடிப்பது விதிக்குள் அடங்கும் என்றால், அது சண்டையில் சேருமா? மேவெதருக்குக் கோடிக்கணக்கில் பணம் கொடுத்துக்கொண்டிருந்ததும் எச்பிஓதான், அவரைச் சங்கடப்படுத்திய கிழவருக்குச் சம்பளம் கொடுத்ததும் எச்பிஓதான். இப்போது அந்த ஏற்பாடு இல்லை. மெர்ச்சன்ட் 2012 இறுதியில் ஓய்வு பெற்றார். எச்பிஓ 2018இல் குத்துச்சண்டையைவிட்டே வெளியேறியது, ஷோடைம் 2023இல். இன்று சண்டையை ஏற்பாடு செய்கிறவரும் ஒளிபரப்புகிறவரும் கூட்டாளிகள். "அடுத்து யாரோடு மோத விருப்பம்?" என்ற கேள்விதான் அதிகம் வருகிறது. அடுத்த டிக்கெட்டை விற்கிற கேள்வி அது.

பிரிட்டனில் இருப்பவர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. அங்கே இது கொஞ்சம் குடும்ப விவகாரம் மாதிரி நடந்தது. ஃபிராங்க் புரூனோ பிபிசியின் ஹேரி கார்ப்பென்டரிடம் பேசும்போது வாக்கியத்துக்கு வாக்கியம் "புரியுதா ஹேரி?" என்பார், நாடே அதைச் சொல்லிக்கொண்டு திரிந்தது. 1990 நவம்பரில் பர்மிங்காமில் நைஜல் பென்னை வென்ற கிறிஸ் யூபேங்க், கேரி நியூபனின் மைக்கில், கேரன், இப்போது கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று கேட்டார். இவையெல்லாம் இனிமையானவை. 1995 செப்டம்பரில் புரூனோ ஒருவழியாக உலக சாம்பியன் ஆனார், வெம்பிளியில். அந்தப் பேட்டியில் அவர் வெற்றியைப் பற்றிப் பேசவில்லை. நான் வெள்ளையருக்கு வால்பிடிப்பவன் இல்லை, என் மக்களை நேசிக்கிறேன் என்று அழுதார். அந்தப் பழியைச் சக கறுப்பின வீரர்களே அவர் மேல் ஆண்டுக்கணக்கில் சுமத்தியிருந்தார்கள். நாடு சிரித்துக் கொண்டாடிய "புரியுதா ஹேரி"க்கு அடியில் அது கிடந்திருக்கிறது. இரு நாட்டுக்கு நடுவே வாழ்கிற யாருக்கும் அந்த அழுகை விளங்கும்.

அடிபட்டவரைப் பேசவைக்கலாமா என்ற கேள்வி பக்கத்து விளையாட்டிலிருந்துதான் உரத்து வந்தது. 2017 ஜூலையில் கலப்புச் சண்டைப் போட்டி ஒன்றில் டேனியல் கோர்மியேர் தலையில் உதை வாங்கி வீழ்ந்தார். எங்கே இருக்கிறோம் என்றே தெளியாமல் அழுதுகொண்டு நின்றவரிடம் ஜோ ரோகன் மைக்கை நீட்டினார். மறுநாள் ரோகன் மன்னிப்புக் கேட்டார். இப்படி வீழ்த்தப்பட்டவர்களைப் பேட்டி காணக் கூடாது என்று முன்பே தான் முடிவெடுத்திருந்ததாகவும் சொன்னார். நல்ல விதி என்றே நினைக்கிறேன். ஆனால் அது எல்லாவற்றையும் தீர்க்காது. 2022 ஆகஸ்டில் ஜித்தாவில் ஒலெக்சாண்டர் உசிக்கிடம் புள்ளிக்கணக்கில் தோற்ற ஆந்தனி ஜோஷுவாவை யாரும் வீழ்த்தவில்லை, யாரும் கேள்வியும் கேட்கவில்லை. பெல்ட்டுகளை மேடைக்கு வெளியே எறிந்தார், இறங்கி நடந்தார், திரும்பி வந்தார், தாமே மைக்கைப் பிடுங்கி உக்ரைன், தன் இளமைக்காலம், கடின உழைப்பு என்று தொடர்பில்லாமல் பேசிக்கொண்டே போனார். வென்றவர் பக்கத்தில் பொறுமையாக நின்றார். கேள்வி கேட்க ஒருவர் இருப்பதன் அருமை அன்று தெரிந்தது. கேள்வி ஒரு கரை. அது இல்லாவிட்டால் பேசுகிறவன் அடித்துக்கொண்டு போய்விடுகிறான்.

கடைசியாக டைசன். அவரை விட்டுவிட்டு இந்தப் பேச்சை முடித்தால் நீங்கள் விடமாட்டீர்கள்.

டைசனும் ஷோடைமின் ஜிம் கிரேயும் பல ஆண்டுகள் மைக்கின் இரு புறமும் நின்றார்கள். 1997 ஜூன் 28, இவாண்டர் ஹோலிஃபீல்டின் காதைக் கடித்த இரவு. கிரே நேராக அதைக் கேட்டார். டைசன் தன் புருவத்துக் காயத்தைக் காட்டி, என்னைப் பார், அவன் தலையால் முட்டினான், எனக்கும் வளர்க்கக் குழந்தைகள் இருக்கிறார்கள் என்று கத்தினார். சில நாளில் அவர் உரிமம் போயிற்று, 30 லட்சம் டாலர் அபராதமும் வந்தது.

2000 ஜூன் 24, கிளாஸ்கோ. லூ சவரீஸை 38 நொடியில் முடித்தார், விலக்க வந்த நடுவரும் கீழே விழுந்தார். கிரே கேட்க, உயிர் நண்பனை அடக்கம் செய்துவிட்டு வந்திருக்கிறேன், இந்தச் சண்டை அவனுக்கு என்று தொடங்கினார். அடுத்த மூச்சில் லெனாக்ஸ் லூயிஸைப் பற்றிய பேச்சு. அவன் இதயம் வேண்டும், அவன் பிள்ளைகளைத் தின்பேன் என்றார். லூயிஸுக்கு அப்போது பிள்ளைகளே இல்லை. இரண்டாவது பாதியை உலகமே மனப்பாடமாகச் சொல்லும். முதல் பாதி யாருக்கும் நினைவில்லை. இரண்டையும் ஒன்றாகக் கேட்டுப் பாருங்கள். துக்கத்தை வெளியே விடத் தெரிந்த ஒரே மொழியில் ஒருவன் அலறுவது கேட்கும்.

2002 ஜூன் 8, மெம்ஃபிஸ். கனடாவில் இருப்பவர்களுக்கு இந்த லூயிஸ் நம் கிச்சனர் பையன். டைசனை எட்டாவது ரவுண்டில் வீழ்த்தினார். அதே ஆண்டு ஜனவரியில் செய்தியாளர் கூட்டத்தில் லூயிஸின் காலைக் கடித்தவர், இப்போது மேடையில் இருவரும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும்போது, கையை நீட்டினார். லூயிஸின் கன்னத்தில் ஒட்டியிருந்த ரத்தத்தை மெதுவாகத் துடைத்துவிட்டார். ஏதோ கல்யாண வீட்டில் தம்பியின் முகத்தில் ஒட்டிய சந்தனத்தைத் துடைப்பது போல. லூயிஸின் தாயைப் பற்றி அன்பாக ஒரு வார்த்தையும் சொன்னார்.

பிறகு 2005 ஜூன் 11, வாஷிங்டன். ஆறு ரவுண்டு முடிந்தது. ஏழாவதுக்கு டைசன் எழவில்லை. அன்று அவர் தலை தெளிவாகவே இருந்தது. கிரே வழக்கம்போல வந்து நின்றார், இனிமேல் என்ன என்று கேட்டார். இதற்கான மனத்துணிவு என்னிடம் இல்லை என்றார் டைசன். கடனை அடைக்கத்தான் சண்டை போடுகிறேன், இந்தத் தரத்து ஆட்களிடம் தோற்று இந்த விளையாட்டை அவமதிக்க விரும்பவில்லை என்றார். குரல் உயரவில்லை. இருபது ஆண்டில் அவர் சொன்னதிலேயே அமைதியான பேச்சு அது. சொன்னபடியே தொழில்முறைச் சண்டையை விட்டார். பத்தொன்பது ஆண்டு கழித்து 58 வயதில் ஒரு யூடியூப் பையனோடு மேடையேறியதை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

அன்று வென்றவர் கெவின் மெக்பிரைட், அயர்லாந்தின் குளோன்ஸ் ஊர்க்காரர். "இந்தத் தரத்து ஆட்கள்" என்று சொல்லப்பட்டவர் அவர்தான். வாழ்க்கையின் மிகப் பெரிய இரவில், தன்னை வென்றதே அவமானம் என்பதுபோல் தோற்றவர் பேசுவதை ஒரே மேடையில் நின்று கேட்டார்.

நேரம் ஆகிவிட்டது. கேள்விகள் இருந்தால் எழுதி அனுப்புங்கள். என்னை யாரும் அடிக்கவில்லை, தாராளமாகக் கேட்கலாம்.